இக்கணத்தில் வாழ்ந்த ஞானி: பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி

ஆலயத்தில் மணி ஒலிக்கிறது. தீபாராதனைக்காகத் திரை விலகுகிறது. கைகள் தலைக்கு மேல் குவிகின்றன. ஆயினும் அந்த ஒரு நிமிடத்தில் மனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் நமக்கே வியப்பாக இருக்கும். பிள்ளையின் தேர்வு, கட்ட வேண்டிய வீட்டுக் கடன், நேற்று ஒருவர் சொன்ன கடுஞ்சொல், நாளை முடிக்க வேண்டிய வேலை என்று அது எங்கெங்கோ உலவிக்கொண்டிருக்கும். இறைவனின் திருவுருவம் கண்முன்னே இருக்கிறது. காண வேண்டிய மனம் மட்டும் அங்கே இருப்பதில்லை.

சென்றதை நினைத்து வருந்துவதும் வரப்போவதை நினைத்து அஞ்சுவதும் மனித மனத்தின் பழைய நோயாகும். இந்நோய்க்கு மருந்து உண்டு என்பதை நூல்களால் மட்டுமன்றித் தம் வாழ்க்கையாலேயே காட்டியவர் திருவண்ணாமலை பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி. இருக்கும் இடத்தில், இருக்கும் பொழுதில், முழுமையாக இருந்தவர் அவர். ஏறக்குறைய 54 ஆண்டுகள் ஒரே மலையை விட்டு அகலாமல் வாழ்ந்த அம்மகானைத் தேடி உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்தனர். அவருடைய வரலாற்றைச் சிந்திப்பது, நாம் செய்யும் வழிபாட்டிற்கும் ஆற்றும் கடமைக்கும் பெரிதும் துணைபுரியும்.

திருச்சுழியில் அவதாரம்

பாண்டிய நாட்டுத் திருத்தலங்களுள் ஒன்றான திருச்சுழியில், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், திருவாதிரைத் திருநாளின் நள்ளிரவு கழிந்த வேளையில் மகரிஷி அவதரித்தார். தந்தையார் சுந்தரமய்யர், அவ்வூரில் வழக்குகளை நடத்திவந்தவர். தாயார் அழகம்மாள். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். நாகசுவாமி என்ற அண்ணனும், நாகசுந்தரம் என்ற தம்பியும், அலமேலு என்ற தங்கையும் அவருக்கு இருந்தனர்.

1892ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். அதன்பின் வேங்கடராமன் மதுரையில் சிறிய தந்தையார் சுப்பய்யரின் இல்லத்தில் தங்கிப் படித்தார். பாடங்களில் பெரிய நாட்டம் இல்லை. பந்தாட்டம், மல்யுத்தம், நீச்சல் ஆகியவற்றில் ஆர்வம் மிகுந்திருந்தது. உறங்கத் தொடங்கினால் எதனாலும் எழுப்ப முடியாத அளவுக்கு ஆழ்ந்து உறங்குவார். விழித்திருக்கும்போது அவரிடம் நெருங்க அஞ்சிய தோழர்கள், உறக்கத்தில் அவரைத் தூக்கிச் சென்று அடித்துவிட்டு மீண்டும் படுக்கையில் கிடத்திவிடுவார்களாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. தவமோ, சாத்திரப் பயிற்சியோ, குருவின் உபதேசமோ அவர் பெற்றதில்லை.

1895ஆம் ஆண்டு உறவினர் ஒருவர், தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகக் கூறினார். அச்சொல் சிறுவனின் உள்ளத்தை என்னவோ செய்தது. சிறிது காலத்திற்குப் பின் பெரியபுராணம் அவர் கைக்குக் கிட்டியது. அறுபத்துமூன்று நாயன்மார்களின் அன்பு அவர் நெஞ்சை உருக்கியது.

மரணத்தை நேர்கொண்ட சிறுவன்

1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் நடுப்பகுதி. வேங்கடராமனுக்கு அப்போது வயது 16. மதுரை வீட்டின் மாடியறையில் தனியே அமர்ந்திருந்தார். உடலில் எந்த நோயும் இல்லை. திடீரென்று தாம் இறக்கப்போகிறோம் என்ற பேரச்சம் அவரைப் பற்றிக்கொண்டது.

இந்நிலையில் பிறர் என்ன செய்வர்? வீட்டாரைக் கூவி அழைப்பர். மருத்துவரைத் தேடி ஓடுவர். அச்சிறுவரோ அச்சத்தை விட்டு ஓடாமல் அதனை நேருக்கு நேர் நோக்கினார். தரையில் படுத்து, கைகால்களை நீட்டி, மூச்சை அடக்கி, சவத்தைப் போலக் கிடந்தார். உடல் இறந்துவிட்டது, இதனைச் சுடுகாட்டிற்குக் கொண்டு சென்று எரித்துவிடுவர், அத்துடன் தாமும் அழிந்துவிடுவோமா என்று தம்மையே வினவினார். உடல் அசைவற்றுக் கிடக்கும்போதும் தாம் இருக்கும் உணர்வு சிறிதும் குறையாமல் ஒளிர்வதைக் கண்டார். அவ்வுணர்வுக்குச் சாவில்லை என்பது கற்றறிந்த கருத்தாக அன்றி நேரடி அனுபவமாக அவருக்கு விளங்கியது.

சில நிமிடங்களில் நிகழ்ந்த இவ்வனுபவம் அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது. மரண பயம் அன்றே ஒழிந்தது. வரப்போகும் சாவை நினைத்து எழுந்த அச்சம், இப்போது இருப்பது யார் என்று பார்த்தவுடன் மறைந்துபோனது. பின்னாளில் அவர் உலகிற்கு உபதேசித்த அனைத்துக்கும் வித்து இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

அருணையை நோக்கி

அதன்பின் அவருக்குப் பள்ளிப் பாடங்களில் மனம் செல்லவில்லை. விளையாட்டும் உணவின் சுவையும் தம் கவர்ச்சியை இழந்தன. நாள்தோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று நாயன்மார்களின் திருவுருவங்களின் முன்னே கண்ணீர் மல்க நிற்பார்.

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள். ஒழுங்காகப் படிக்காததற்குத் தண்டனையாக, ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மூன்று முறை எழுதிவருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். இரண்டு முறை எழுதிய வேங்கடராமன் அதனை ஒருபுறம் வைத்துவிட்டுத் தியானத்தில் அமர்ந்தார். அதைக் கண்ட அண்ணன், இப்படி இருப்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்று கடிந்துகொண்டார். அண்ணன் கூறியது உண்மையே என்று தம்பிக்குத் தோன்றியது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்காக அளிக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயுடன் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அக்கடிதம் சிந்திக்கத்தக்கது. முதலில் தன்மையில் தொடங்கும் அது, அடுத்த வாக்கியத்திலேயே தம்மை அஃறிணைச் சொல்லால் குறிப்பிடுகிறது. முடிவில் பெயருக்குப் பதிலாக வெறும் கோடுதான் இருக்கிறது. ஒரு சிறு தாளுக்குள்ளேயே அகந்தை படிப்படியாகக் கரைந்து மறைவதை அங்கே காணலாம். தந்தையைத் தேடி, அவருடைய கட்டளைப்படி செல்வதாகவும், எவரும் வருந்த வேண்டாம் என்றும், தேடுவதற்காகப் பணம் செலவிட வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தார். கல்லூரிக் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறவாமல் குறிப்பிட்டிருந்தார்.

பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கியவருக்கு, விழுப்புரத்திலேயே இறங்க வேண்டும் என்று வழிகாட்டியவர் இரயிலில் உடன் வந்த இஸ்லாமியப் பெரியவர் ஒருவர். கையிலிருந்த காசு தீர்ந்ததும் நடந்தார். அறையணிநல்லூர், கீழையூர் ஆலயங்களில் வழிபட்டார். ஓர் அன்பர் இல்லத்தில் உணவு கிடைத்தது. காதிலிருந்த கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, மீண்டும் இரயிலேறி, 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். நேரே அருணாசலேசுவரர் சந்நிதிக்குச் சென்று தந்தையிடம் தம்மை ஒப்படைத்தார். அன்று முதல் இறுதிவரை அவர் அவ்வூரை விட்டு வெளியே சென்றதில்லை.

ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்தவரைச் சிறுவர்கள் கல்லெறிந்து துன்புறுத்தினர். அதனால் சூரிய ஒளி புகாத பாதாள லிங்கக் குகைக்குள் சென்று அமர்ந்தார். எறும்பும் பூச்சிகளும் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கின. அவர் அறியவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் அவரைக் கண்டு பாதுகாத்தார். அன்பர்கள் அவரை வெளியே தூக்கிவந்து காப்பாற்றினர். பின்னர் குருமூர்த்தத்தில் இருந்தபோது பழனிசுவாமி என்னும் அடியார் அருகிலிருந்து தொண்டு செய்தார்.

அன்னையின் கண்ணீர்

மகன் இருக்குமிடம் அறிந்து, 1898ஆம் ஆண்டு டிசம்பரில் அழகம்மாள் மூத்த மகனுடன் வந்தார். பவழக்குன்றின் மேல், அழுக்கேறிய உடலும் சடைவிழுந்த தலையுமாக அமர்ந்திருந்த இளைஞரைக் கண்டதும் தாயுள்ளம் துடித்தது. வீட்டிற்கு வருமாறு நாள்தோறும் வந்து அழுது மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. அருகிலிருந்தோர் வேண்டிக்கொண்டபின், அவரவர் வினைக்கேற்பவே யாவும் நடைபெறும் என்றும், ஆகவே அமைதியாக இருத்தலே நலம் என்றும் பொருள்பட ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தாய் கண்ணீருடன் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியைப் படிப்போர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. இக்கணத்தில் வாழ்தல் என்பது உற்றாரையும் கடமையையும் உதறிவிடுவதுதானா? பெற்ற தாயின் கண்ணீருக்கும் இரங்காத நெஞ்சு ஞானியின் நெஞ்சாகுமா? இதற்கு விடை மகரிஷியின் பிற்கால வாழ்க்கையில் இருக்கிறது.

1899ஆம் ஆண்டு முதல் அவர் மலைமேலுள்ள விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். 1916ஆம் ஆண்டு அன்னை அழகம்மாள் மகனுடனேயே தங்க வந்துவிட்டார். இளைய மகனும் பின்னர் அங்கே வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்த சுவாமிகள் ஆனார். அவ்வாண்டிலேயே அனைவரும் கந்தாசிரமத்திற்குச் சென்றனர். அங்கே அன்னை அடுப்பு மூட்டிச் சமைத்து அடியார்களுக்கு அமுது படைத்தார். மகன் அன்னைக்குச் சிறிது சிறிதாக ஞானநெறியைப் புகட்டிவந்தார்.

1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அன்னையின் இறுதி நாளாக அமைந்தது. அன்று காலை முதல் இரவு உயிர் ஒடுங்கும் வரை மகரிஷி அன்னையின் அருகிலேயே அமர்ந்திருந்தார். வலக்கரத்தை அன்னையின் மார்பிலும் இடக்கரத்தைத் தலையிலும் வைத்தபடி ஏறக்குறைய 12 மணி நேரம் அகலாதிருந்தார். அன்னைக்கு வீடுபேறு கிட்டியது என்பது அடியார்களின் உறுதியான நம்பிக்கை. ஒரு காலத்தில் வீட்டிற்கு வர மறுத்த மகன், தாய்க்குத் தாம் வேண்டப்பட்ட வேளையில் முழுவதுமாக அங்கே இருந்தார். உடனிருந்தும் மனத்தால் விலகியிருக்கும் பிள்ளைகள் பலருண்டு. ஒரு நாள் முழுதும் வேறொன்றிலும் மனம் செல்லாமல் தாயின் அருகே அமர்ந்திருத்தல் எத்தனை பெரிய தொண்டு என்பதை அந்நாள் காட்டியது.

யாருக்கு இந்த எண்ணம்?

1902ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் பணிபுரிந்த சிவப்பிரகாசம் பிள்ளை, அலுவல் காரணமாகத் திருவண்ணாமலைக்கு வந்தார். தம் ஐயங்களை மகரிஷியிடம் கேட்டார். மகரிஷி பேசாதிருந்த காலம் அது. எழுத்தின் வாயிலாகவே விடையளித்தார். அவ்விடைகளே பிற்காலத்தில் 'நான் யார்?' என்ற சிறுநூலாக வெளிவந்தன. அரசாங்க ஊழியர் ஒருவரின் கேள்விகளால் உலகிற்குக் கிடைத்த அருட்செல்வம் அது. 1907ஆம் ஆண்டு காவ்யகண்ட கணபதி முனிவர் இவரைக் கண்டு உபதேசம் பெற்று, பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்னும் திருப்பெயரைச் சூட்டினார்.

மகரிஷி காட்டிய வழி எளியது. மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னே ஓட வேண்டாம். அதனோடு போராடவும் வேண்டாம். இவ்வெண்ணம் யாருக்கு எழுந்தது என்று உள்நோக்கிக் கேட்க வேண்டும். எனக்கு என்று விடை வரும். அந்த நான் என்பவர் யார் என்று ஆராய்ந்தால் மனம் தன் பிறப்பிடத்திற்குத் திரும்பும். எழுந்த எண்ணமும் அடங்கும். மீண்டும் எழுந்தால் மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். நேற்றைய மனத்தாங்கலும் நாளைய கவலையும் இப்போது எழும் எண்ணங்களாக மட்டுமே இருக்கின்றன என்பதை இப்பயிற்சி செய்வோர் தாமே உணர்வர்.

1928ஆம் ஆண்டில் அவர் அருளிய 'உள்ளது நாற்பது' என்னும் நூலிலும் இக்கருத்து இடம்பெறுகிறது. சென்ற காலமும் வருங்காலமும் நிகழ்காலத்தைச் சார்ந்தே நிற்கின்றன. நிகழ்வதன் உண்மையை அறியாமல் மற்ற இரண்டையும் அறிய முயல்வது, ஒன்று என்ற எண்ணை விட்டுவிட்டுக் கணக்கிட முயல்வதைப் போன்றது என்பது அவர் தெளிவுரை.

இதற்காக வீட்டைத் துறக்க வேண்டும் என்று அவர் எவரையும் ஏவியதில்லை. வேலையை விட்டுவிட்டுக் காட்டிற்குச் செல்ல விரும்பியோரையும் தடுத்தார். மனத்தை உடன் கொண்டுசெல்பவருக்கு வீடும் ஒன்றே, காடும் ஒன்றே என்பது அவர் கருத்து.

ஒரு கோலும் ஓர் ஆயச் சிறுவனும்

வேலூரில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி என்பவர் ஒரு நாள் மகரிஷியிடம் பயன் கருதாப் பணி என்பது யாது என்று விளக்கம் கேட்டார். மகரிஷி விடை கூறவில்லை. சிறிது நேரம் கழித்து மலைமேல் உலாவச் சென்றார். பண்டிதரும் சிலரும் உடன் சென்றனர். வழியில் முள் நிறைந்த கழி ஒன்று கிடந்தது. மகரிஷி அதனை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். முட்களை ஒவ்வொன்றாகச் செதுக்கினார். கணுக்களைத் தேய்த்து வழவழப்பாக்கினார். சொரசொரப்பான இலையால் கழி முழுவதையும் மெருகேற்றினார். பல மணி நேரம் இவ்வேலை நடைபெற்றது. முள்ளாக இருந்த கழி அழகிய கோலாயிற்று.

திரும்பும் வழியில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் தன் கோலைத் தொலைத்துவிட்டுக் கலங்கி நின்றான். மகரிஷி அக்கோலை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். தம் கேள்விக்கு முழுமையான விடை கிடைத்துவிட்டது என்று பண்டிதர் நெகிழ்ந்தார்.

கோலை இழைத்தபோது, அது யாருக்கு என்ற எண்ணம் மகரிஷியிடம் இல்லை. கொடுத்தபோது, தாம் பாடுபட்ட பொருள் என்ற எண்ணமும் இல்லை. கையிலிருந்த வேலை மட்டுமே இருந்தது. அது செம்மையாக நிறைவேறியது.

சமையற்கட்டில் ஒரு பாடம்

அன்னையின் சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் ரமணாசிரமம் வளர்ந்தது. மகரிஷியோ பல ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து சமையற்கட்டிற்குச் சென்று காய் நறுக்குவார், அரைப்பார், கிளறுவார். கீழே சிந்திய அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுப்பார். தாள்களில் எழுதப்படாத ஓரங்களை வெட்டித் தைத்துக் குறிப்பேடாக்குவார். பந்தியில் தமக்கென்று சிறப்பாக எதனையும் பரிமாற விடமாட்டார். 1926ஆம் ஆண்டு ஆசிரமத்திற்கு வந்த லட்சுமி என்னும் பசுவையும், அங்கு உலவிய குரங்கு, மயில், அணில்களையும் அடியார்களைப் போலவே நடத்தினார்.

1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் இரவில் ஆசிரமத்திற்குள் திருடர்கள் புகுந்தனர். விரும்பியதை எடுத்துச் செல்லுமாறு கூறியவரையும் அவர்கள் இடத்தொடையில் அடித்தனர். திருப்பித் தாக்க எழுந்த அடியார்களைத் தடுத்து, அவர்கள் செய்வது அவர்கள் தொழில், பொறுத்தல் நம் தர்மம் என்ற கருத்தில் அமைதிப்படுத்தினார்.

பாதாள லிங்கக் குகையில் தம் உடலையே மறந்திருந்த இளைஞர்தாம், ஓர் அரிசி மணியையும் மறவாத முதியவராக விளங்கினார். இரண்டும் வேறுவேறு நிலைகள் போலத் தோன்றலாம். இரண்டிலும் இருந்தது சிதறாத ஒரே மனம். அகத்தில் நிலைத்தவருக்குப் புறத்தில் எதுவும் அற்பமாகத் தோன்றுவதில்லை. ஆலயத்தில் மாலை தொடுப்போருக்கும், மடைப்பள்ளியில் பணிபுரிவோருக்கும், அன்னதானத்தில் இலை எடுப்போருக்கும் இதைவிடச் சிறந்த வழிகாட்டல் வேறில்லை.

இறுதி நாட்கள்

1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகரிஷியின் இடக்கையில், முழங்கையின் அருகே சிறு கட்டி ஒன்று தோன்றியது. அது புற்றுநோய் என்று தெரியவந்தது. அவ்வாண்டிலேயே நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது அவர் உடன்படவில்லை. அன்பர்களின் மனநிறைவுக்காகப் பலவகை மருத்துவங்களுக்கும் இசைந்தார். வலி கடுமையாக இருந்த நாட்களிலும், நாடி வந்தோருக்குத் தரிசனம் தருவதை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை.

தங்களை விட்டுச் செல்லப்போகிறாரே என்று அடியார்கள் அழுதனர். தாம் எங்கே போக முடியும், இங்கேதான் இருப்போம் என்ற பொருளில் அவர்களைத் தேற்றினார். 16 வயதில் மாடியறையில் அறிந்த உண்மையையே 70 வயதில் நோயுற்ற உடலுடன் மீண்டும் உறுதிப்படுத்தினார்.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாலையிலும் அன்பர்கள் வரிசையாக வந்து தரிசித்துச் சென்றனர். தமக்குப் பணிவிடை செய்த தொண்டரிடம் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொண்டார். இரவு, அவர் அருளிய அட்சரமணமாலையை அன்பர்கள் வெளியே பாடினர். அவர் கண்கள் சிறிது திறந்தன, கண்ணீர் வழிந்தது. 8 மணி 47 நிமிடத்திற்கு மூச்சு அமைதியாக ஒடுங்கியது. அவ்வேளையில் ஒளிமிக்க விண்மீன் ஒன்று வானில் மெல்ல நகர்ந்து அருணாசலத்தின் பின்னே மறைந்ததைப் பலர் கண்டனர்.

திருக்கார்த்திகை நாளில் அண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. கடல் கடந்து வாழும் நம் இல்லங்களின் வாசலிலும் அதே நாளில் அகல்விளக்குகள் ஒளிர்கின்றன. விளக்கின் சுடர் நேற்றைய இருளை எண்ணி வருந்துவதில்லை. நாளைய காற்றை எண்ணி நடுங்குவதுமில்லை. எரியும் வரை ஒளி தருகிறது.

திருவிழாக் காலத்தில் ஆலயத்தில் வேலைகள் பல. வீட்டில் கவலைகள் பல. இவற்றை விட்டு ஓட வேண்டியதில்லை. திரை விலகும் அந்த ஒரு நிமிடத்தில் மனம் வேறெங்கோ சென்றால், இவ்வெண்ணம் யாருக்கு என்று ஒரு முறை உள்ளே நோக்கினால் போதும். அலைந்த மனம் திரும்பி வரும். கண்முன்னே இறைவன் நிற்பது அப்போது புலப்படும். அவ்விழிப்பு நம் அனைவருக்கும் கைகூட அருணாசலேசுவரரின் திருவருளும் பகவான் ரமணரின் குருவருளும் துணைநிற்பனவாக.